இந்த வாரம் கழித்தல் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூரிலிருந்து பெங்களூர்ப் பக்கம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அத்திபெலே டோல்கேட்டில் வண்டி நின்றபோது பள்ளியின் ஸ்டாஃப் குரூப்பில் செய்தி வந்தது. ‘அமுதா மேடம் நோ மோர். ஓம் சாந்தி.’ அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த செய்தி வந்தது. ‘நாளைய லெசன் பிளானை எல்லோரும் இன்று இரவுக்குள் ஏற்றிவிடவும்.’ அதற்கும் அதே கும்பிடும் கைகள்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கைகளை அனுப்பியவர்கள்தான். கோபம் வந்தால் வரட்டும். நானும் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அமுதா மிஸ் எங்கள் பள்ளியின் தொடக்க வகுப்பு ஆசிரியை. அல்சூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு சந்தாபுரத்தில் குடியிருந்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அதே பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். இன்ஜினியரிங் படித்துவிட்டு, வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை போய், வேறு வழியில்லாமல் இங்கே வந்தவன். பெற்றோருக்குச் செய்தி அனுப்பவும் பிள்ளைகளின் பயிற்சிக் கணக்குகளைப் பதியவும் இருக்கும் ஆப்பைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். ஆனேக்கல் சாலையில் இருக்கும் இந்தப் பள்ளியின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ உண்டு. படிக்கிற பிள்ளைகள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘எவர் ஸ்மைலிங்’ என்று மேலே. ‘கற்றலை இன்பமாக்கிய அன்னை’ என்று கீழே. மதியம் சந்தாபுரத்துக்குப் போனேன். வீட்டுக்குள் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மகள், பி.யு.சி. படிக்கிற பெண், அழுது வீங்கிய முகத்தோடு தன் போனை என்னிடம் நீட்டினாள். அதில் அந்த ஃபிளெக்ஸின் படம்.

“சார், இது எங்கம்மாதானா? எவர் ஸ்மைலிங்னு போட்டுக்கீறாங்க. வேற யாருக்கோ அடிச்சத மாத்திக் கட்டிட்டாங்களா?”

அவள் சொன்னது சரி. அமுதா மிஸ் சிரிக்கிற ஆள் இல்லை. ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். ஸ்டாஃப் ரூமில் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். கேட்காமலேயே என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வார். ஆசிரியர் தினத்தில் ஒரு பையன் ‘உலகத்திலேயே பெஸ்ட் மிஸ்’ என்று கார்டு எழுதிக் கொடுத்தபோது, “உலகத்துல எத்தன மிஸ்ஸப் பாத்துட்ட நீ? ஒழுங்கா ஏழாம் வாய்ப்பாடு சொல்லு” என்று கேட்டார். அவன் வாய்ப்பாட்டைச் சொன்ன பிறகுதான் கார்டை வாங்கிக்கொண்டார்.

அவரைப் பற்றி ஃபிளெக்ஸ்காரர்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. ஜூலையில் ஒரு வாரம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ‘இந்த வாரம் கற்றவை’ என்று ஆப்பில் பெற்றோருக்கு எழுத வேண்டும், படத்தோடு. என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ‘எங்கள் குட்டி நட்சத்திரங்கள் இந்த வாரம் எண்களின் வண்ணமயமான உலகில் மகிழ்ச்சியாகப் பயணித்தார்கள்.’ நான் அந்த ஆப்பைப் பார்த்துக்கொண்ட காலம் முழுவதும் ஒரு நட்சத்திரத்துக்குக்கூட ஒரு பாடம் வராமல் போனதில்லை. அப்படியொரு பள்ளி உலகத்தில் இருக்க முடியாது என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அமுதா மிஸ் போன வருடம் இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவை எடுத்தார். இந்த வருடம் அதே பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்புக்கு வந்தார். அந்த வாரம் திங்கட்கிழமை என்னுடைய லேப் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

“இன்ஜினியர் சார், உங்க ஆப்புல என் கிளாஸுக்குக் கழித்தல் இன்னா காட்டுது?”

பார்த்தேன். “ஃபுல் பச்சை மிஸ். எல்லாருக்கும் வந்துடுச்சு.”

“வந்து பாருங்க.”

கரும்பலகையில் ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தேழு கழிக்கச் சொல்லி எழுதியிருந்தார். பிள்ளைகளின் சிலேட்டுப் பலகைகளைச் சுற்றிக் காட்டினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே விடை. இருபத்தைந்து.

ஆளாளுக்கு ஒரு தப்பான விடை வந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன். எல்லோருக்கும் ஒரே தப்பு என்றால் அது கவனக்குறைவு இல்லை, எங்கேயோ ஒரு விதி தப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஆப் ஏன் பச்சை காட்டியது என்பதும் அப்போதே புரிந்தது. அதில் ஒவ்வொரு கணக்குக்கும் நான்கு விடைகள் வரும், சரியானது கிடைக்கும்வரை தொட்டுக்கொண்டே இருக்கலாம். எப்படியும் கடைசியில் பச்சைதான். இதற்குப் பெயர் மதிப்பீடு.

அமுதா மிஸ் முன் பெஞ்சில் இருந்த நிகிதா என்ற பெண்ணை எழுப்பினார். “எப்டி போட்ட?”

“ரெண்டுலேர்ந்து ஏழு போவாது மிஸ். அதனால ஏழுலேர்ந்து ரெண்ட எடுத்தேன்.”

“போவாதுன்னு யாரு சொன்னா?”

“நீங்கதான் மிஸ். ரெண்டாங்கிளாஸ்ல. பெருசுலேர்ந்துதான் சின்னத எடுக்கணும்னு சொன்னீங்க.”

பின்னால் இருந்தவர்கள் எல்லோரும், “ஆமா மிஸ், நீங்கதான் மிஸ்” என்று கத்தினார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். மிஸ் சொன்னதை மறக்காமல் வைத்திருக்கிறோம் என்று.

அமுதா மிஸ் ஸ்கேலை மேசையில் வைத்தார். பிறகு, “ஆமா. நான்தான் சொன்னேன்” என்றார். சின்ன வகுப்பில் எல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான் அது. ஒற்றை இலக்கம் இருக்கும்வரை வேலை செய்யும். அந்தப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களைத் திட்ட ஒன்றுமே இல்லை.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “நான் போட்ட முடிச்சு சார் இது. நான்தான் அவுக்கணும். நாலாங்கிளாஸுக்குப் போறதுக்குள்ள அவுக்கணும். இல்லன்னா அப்புறம் வகுத்தல், தசமம் எல்லாத்துலயும் இதான் வரும். இதுங்க கணக்கே வராதுன்னு உக்காந்துடும்.”

செவ்வாய்க்கிழமை பாடத்திட்டப்படி பின்னம். காகித பீட்சா வெட்டி, பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும். பள்ளியின் எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் ஒரே பீட்சா. அமுதா மிஸ் பீட்சாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஸ்டோரிலிருந்து பென்சில் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தார். ஒரு பாக்கெட்டில் பத்து பென்சில். ஐந்து பாக்கெட்டும் இரண்டு உதிரிப் பென்சிலும் ஐம்பத்திரண்டு. இதிலிருந்து ஏழு உதிரி எடு என்றார். பிள்ளைகள் இரண்டைத் தொட்டுவிட்டு முழித்தார்கள்.

ஒரு பையன், “மிஸ், ஒரு பாக்கெட்ட ஒடைக்கலாமா?” என்று கேட்டான்.

“உன் பாக்கெட்டா? தாராளமா ஒட.”

அந்த வாரம் முழுவதும் அவர் வகுப்பில் இதுதான் நடந்தது. நான் ஃபிரீ பீரியட் எல்லாம் அங்கேதான் நின்றேன். ‘கடன் வாங்கிக் கழிக்கிறது’ என்று நான் ஒருமுறை சொன்னபோது பேச்சை வெட்டினார். “கடன்னு சொல்லாதீங்க சார். யாரு திருப்பிக் குடுத்தா? பாக்கெட்டப் பிரிக்கிறோம். நம்ம பாக்கெட்டு, நாம பிரிக்கிறோம்.” வியாழக்கிழமை நிகிதாவுக்கு வந்தது. இன்னும் சிலருக்கு வந்தது. பலருக்கு, பென்சில் கையில் இருக்கும்வரை பதினைந்து, பலகைக்குப் போனால் மறுபடி இருபத்தைந்து.

வெள்ளிக்கிழமை அவர் ஆப்பில் எழுதியது இது. ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத வேண்டும் என்பது விதி. வீட்டில் யார் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

‘இந்த வாரம் கழித்தல் வரவில்லை. பிள்ளைகள் மேல் தப்பு இல்லை. போன வருடம் நான் சொல்லிக்கொடுத்த ஒரு விதி தப்பு. திங்கட்கிழமை மறுபடி நடத்துகிறேன். வீட்டில் அடிக்க வேண்டாம்.’

படம் கேட்டதற்குக் கரும்பலகையைப் படம் எடுத்துப் போட்டார். ஐம்பத்திரண்டு, முப்பத்தேழு, இருபத்தைந்து.

அன்று சாயங்காலமே பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். ஆப் சம்பந்தப்பட்டது என்பதால் என்னையும்.

“அமுதா, வாட் இஸ் திஸ்? பேரன்ட்ஸ் என்ன நெனப்பாங்க?”

“பிள்ளைக்குக் கழித்தல் வரலன்னு நெனப்பாங்க மேடம்.”

“அத நாமளே சொல்லணுமா?”

“வேற யாரு சொல்லுவாங்க? எதிர் ஸ்கூல்காரங்களா?”

“உங்க தப்புன்னு வேற போட்டிருக்கீங்க. ஸ்கூல் பேரு என்ன ஆகும்?”

“என் தப்புன்னுதான மேடம் போட்டேன். ஸ்கூல் தப்புன்னு போடலியே. அது அடுத்த வாரம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரின்சிபாலுக்கு வரவில்லை. போனைத் திருப்பி ஒரு அப்பா எழுதியிருந்த பதிலைக் காட்டினார்: ‘டீச்சருக்கே வராதா?’ அதற்குக் கீழே ஒரு அம்மா குரலில் பேசி அனுப்பியிருந்தார். கார்மென்ட்ஸில் வேலை செய்பவர், பின்னால் தையல் மெஷின் சத்தம். “மிஸ், நானும் கேட்டுப் பாத்தேன், அதே இருபத்தஞ்சுதான் சொல்றா. வரும்போது ஒரு பென்சில் பாக்கெட் வாங்கினு போறேன்.” அதைக் கேளுங்கள் மேடம் என்று சொன்னேன். நேரம் இல்லை என்றார்.

திங்கட்கிழமை மறுபடி நடத்துகிறேன் என்று எழுதியிருந்தார் அல்லவா? திங்கட்கிழமை அவருக்கு வகுப்பே இல்லை. மூன்று ‘பி’ புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் போனது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. சொன்னதைச் செய்தாள், அன்றே பீட்சாவை வெட்டினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே காகித பீட்சாவைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மூன்று ‘பி’ வண்ணமயமான உலகத்துக்குத் திரும்பிவிட்டது.

அமுதா மிஸ்ஸுக்கு யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் உட்காரும் வேலை. அதோடு பஸ் டியூட்டி. ஆப்பில் இனி எந்தச் செய்தியும் பிரின்சிபால் ஒப்புதல் இல்லாமல் போகக்கூடாது, அதற்கு ஒரு பட்டன் வை என்று என்னிடம் சொன்னார்கள். முடியாது என்றேன். ஆப் செய்து கொடுத்த கம்பெனி அன்று மாலைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டது. ஒரு பிழையைச் சரிசெய்யச் சொல்லிப் பல மாதம் நான் மெயில் அனுப்பியும் அசையாதவர்கள்.

“வேல போயிடப் போவுது, இன்ஜினியர் சார். ஏற்கெனவே ஒண்ணு போச்சு” என்றார் அமுதா மிஸ். நான் அவரிடமும் கத்தினேன். புகார் எழுதுங்கள், தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள், கையெழுத்து நானும் போடுகிறேன் என்றேன். அவர் என் ஊறுகாயை எடுத்துக்கொண்டே சொன்னார்: “இன்னா எழுதறது? கிளாஸ்தான் போச்சு. பஸ்ஸு கீதே.”

அன்று சாயங்காலம்தான் அதற்கு அர்த்தம் புரிந்தது.

நானும் ஏறும் எங்கள் பஸ் பள்ளியிலிருந்து கிளம்பி அத்திபெலே வழியாகப் போகும். டோல்கேட் பக்கம் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. மழைக்காலம். கண்ணாடி எல்லாம் மூடி, உள்ளே பிள்ளைகள் மூச்சு விட்டு விட்டு ஜன்னல் முழுக்கப் பனி படிந்திருக்கும். அமுதா மிஸ் மூன்று ‘பி’ பிள்ளைகளை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தார். விரலால் பாக்கெட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. ஐந்து கோடு, இரண்டு புள்ளி. பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும் என்றால் ஒரு கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்க வேண்டும். அழிக்க வேண்டும் என்பதால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கண்ணாடி தீர்ந்துபோனால் ஊதி ஊதிப் புதிதாகச் செய்துகொண்டார்கள்.

டிரைவர் சிவண்ணா முன்னாலிருந்து கன்னடம் கலந்து சத்தம் போடுவார். “ஏன் மிஸ், கண்ணாடி ஃபுல் கைய வச்சி தேச்சா யாரு க்ளீன் மாடோது? நானா?”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சிவண்ணா. நீங்க ஓட்டுங்க, நாங்க கழிக்கிறோம்.”

“ஓட்டறதா? எல்லி ஓட்டறது? லாரி நிக்குது பாருங்க.”

“அதான் நல்லது. மெதுவா போங்க.”

பெங்களூரில் டிராஃபிக் ஜாம் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மனுஷி அவராகத்தான் இருப்பார். மழை நிற்கும்வரை இது நடந்தது. பஸ்ஸில் வருகிற மூன்று ‘பி’ பிள்ளைகளுக்கு இருபத்தைந்து போய்ப் பதினைந்து வந்தது. பலகையிலும் வந்தது. நான் சோதித்துப் பார்த்தேன். ஆப்பில் இல்லை, பலகையில்.

ஆனால் மூன்று ‘பி’யில் பாதிப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவதில்லை. நடந்து வருகிறார்கள், அப்பாவின் பைக்கில் வருகிறார்கள். அவர்கள் பலகையில் இன்றைக்கும் இருபத்தைந்துதான். போன வாரம்கூட அமுதா மிஸ் என்னிடம், “அந்த மீதிப் பேர இன்னா பண்றது சார்? அதுங்களுக்கும் நான்தான சொல்லிக்குடுத்தேன்” என்று கேட்டார். எனக்கு அவசரமாக ஒரு வேலை இருந்தது, பார்க்கலாம் மிஸ் என்றேன். அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை, சாயங்காலம் பள்ளி ஹாலில் இரங்கல் கூட்டம். ஸ்லைடு தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. பிரின்சிபால் மேடம் வாசகம் அனுப்பியிருந்தார். ‘அவர் வகுப்பில் தோல்வி என்பதே இருந்ததில்லை. தவறே செய்யாத ஆசிரியை.’ நேராக அவர் அறைக்குப் போனேன்.

“மேடம், இது பொய்.”

“எறந்துபோனவங்களப் பத்தி நல்லதுதானே சார் சொல்லணும்?”

“தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னதுதான் மேடம் அவங்க செஞ்ச நல்லது. அதையே எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?”

“எமோஷனல் ஆகாதீங்க. ஸ்லைட ரெடி பண்ணுங்க.”

படங்களைத் தேடினேன். பள்ளியின் அத்தனை வருடப் படங்களிலும் அவர் ஓரத்தில்தான் நிற்கிறார். கேமராவைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையோ முறைத்துக்கொண்டு நிற்கிறார். ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. கடைசியில் அவருடைய கரும்பலகைப் படத்தை ஸ்லைடில் வைத்தேன். எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை. வேறு யாரையாவது வைத்து எடுத்துக்கொள்ளட்டும்.

அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களே, உங்களுக்கு அந்த வாரம் தெரியும். அவர் வகுப்பு பறிபோனபோது நீங்கள் லெசன் பிளான் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பெற்றோரே, உங்களிடம் உண்மை பேசிய ஒரே வெள்ளிக்கிழமைச் செய்தி அதுதான். ‘எவர் ஸ்மைலிங்’ என்று யாராவது மேடையில் சொன்னால் தயவுசெய்து கைதட்டாதீர்கள். அவருடைய மகள் முதல் வரிசையில் இருப்பாள்.

அமுதா மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை எழுத வேண்டிய அந்த நாலு வரி. நேற்று நானும் ஆப்பில் எழுதினேன், ஆங்கிலத்தில், தமிழில், என்னுடைய அரைகுறைக் கன்னடத்தில்.

‘இந்த வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் எதுவும் நடக்கவில்லை. அமுதா மிஸ் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி முயல்கிறேன்.’

அது ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. வராது என்று தெரியும். அதனால்தான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன்.

வருகிற வழியில் அத்திபெலேயில் பென்சில் பாக்கெட்டுகள் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பீரியட் மூன்று ‘பி’க்குக் கம்ப்யூட்டர். லேபில் ஒரு திரைகூட எரியாது. பஸ்ஸில் வராத பிள்ளைகள் முன்னால் வந்து உட்காரட்டும்.